முழங்கை வரைக்கும்

என் தங்கை கிருபாராணியைக் கட்டியிருக்கும் பிரின்ஸுக்கு முப்பத்தெட்டு வயது. போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் சரக்குப் பார்க்கிற வேலை. மலையிலிருந்து வந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்து, இது என்ன தரம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுக்காகத்தான் முதலாளி பதினைந்து வருடமாக அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

அவன் சரக்குப் பார்ப்பதே ஒரு காட்சி. மூட்டையின் வாயை அவிழ்த்ததும் மேலே பச்சைப் பசேலென்று கிடக்கும் காயை அவன் சட்டை செய்வதே இல்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு கை அள்ளுவான். பிறகு நடுவிலிருந்து ஒரு கை, கடைசியாக மேலேயிருந்து ஒரு கை. மூன்றையும் தட்டில் கொட்டிக் கலந்து, இரண்டு காயை நகத்தால் பிளந்து விதையைப் பார்த்துவிட்டு, "எட்டு எம்.எம். காயி நூத்துக்கு நாப்பதுகூடத் தேறாதுண்ணே" என்பான். சல்லடையில் போட்டுப் பார்த்தால் முப்பத்தெட்டோ முப்பத்தொன்பதோதான் வரும்.

மூட்டையின் வாயில் நல்ல காயாகப் பரப்பி அனுப்புவதை மலையில் யாரும் பெரிய பாவமாக நினைப்பதில்லை. பெண் பார்க்க வருகிற அன்று பட்டுப்புடவை கட்டிக்கொள்வதில்லையா, அந்தக் கணக்குத்தான். பிரின்ஸ் அதற்கு 'மேல்காய்' என்று ஒரு பெயர் வைத்திருந்தான். போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் ஜக்கையன் ஒரு முறை அப்படிக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஏந்தம்பி, மேல கெடக்குறதும் என் தோட்டத்துக் காய்தானப்பா" என்றார் ஜக்கையன்.

"உங்க காய்தாண்ணே, இல்லங்கல. மூட்ட முழுக்க அதுதான்னு சொல்ல வந்தீங்க பாருங்க, அதத்தான் இல்லங்குறேன்."

ஜக்கையன் அதற்குப் பிறகு ஒழுங்காகக் காய் அனுப்புகிறார். கடவுளுக்குப் பயந்து அல்ல, பிரின்ஸின் கைக்குப் பயந்து.

இவ்வளவு கெட்டிக்காரன் தன் பிள்ளை விஷயத்தில் என்ன செய்தான் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அவன்மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எபினேசர் என்கிற நானும் எல்லாவற்றுக்கும் கூடவே போனவன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். அதனாலேயே பிள்ளைகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் வைத்திருந்தேன்.

ஜெமிமா, அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழாவது வருடம் பிறந்த மகள். குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, நடந்தது எல்லாம் நேரத்துக்கு நடந்தன. பேச்சுதான் தகராறு. இரண்டு வயதில் பத்து வார்த்தை வைத்திருந்தாள். மூன்று வயதில் அந்தப் பத்தில் நாலு காணாமல் போயிருந்தன. கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கவில்லையோ என்றால் அதுவும் இல்லை. குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் லேசாகச் சீறுமே, அந்தச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக அடுக்குவாள். அடுக்கியதில் ஒன்றை எடுத்தால் அரைமணி நேரம் அழுகை. வருகிற விருந்தாளிகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வரப் பழகிக்கொண்டார்கள். காய் சாம்பிள் போடும் டப்பாவின் தகர மூடி ஒன்று எப்போதும் அவள் கையில் இருக்கும். தரையில் அதைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும் வரைக்கும் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்னொன்றும் உண்டு. அவளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பிரின்ஸின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவன் கையைத் தூக்கிச் செம்பின்மேல் வைப்பாள். கதவு திறக்க வேண்டுமென்றால் தாழ்ப்பாளின்மேல் வைப்பாள். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டாள், கையை மட்டும்தான் கொண்டு போவாள்.

"பாத்தீகளா மச்சான், மலையில உள்ளவனெல்லாம் இந்தக் கையக் கண்டா பயப்படுறான். எம்புள்ளைக்கு எதுக்கெடுத்தாலும் இந்தக் கைதான் வேணும்" என்பான் பிரின்ஸ்.

எங்களுக்கும் அது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரின்ஸின் அக்கா ஷீலா, "இவனும் அஞ்சு வயசு வரைக்கும் வாயத் தொறக்கலப்பா" என்று சொல்லித் தைரியம் கொடுத்தாள். இப்போது அவன் பேசுகிற பேச்சைக் கேட்ட யாருக்கும் அதில் நம்பிக்கை வராமல் இருக்காது. கிருபா மட்டும் நம்பவில்லை. டாக்டரிடம் போவோம் போவோம் என்று நச்சரித்து, மூன்றரை வயதில் தேனியில் ஒரு குழந்தை டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கினாள்.

திங்கட்கிழமையே பிரின்ஸ் என் கடைக்கு வந்துவிட்டான்.

"மச்சான், ஏ பி சி டி படம் போட்ட சார்ட்டு ஒண்ணு கொண்டாங்க. நல்லதாப் பாத்து. டாக்டரு ஏதாச்சும் கேட்டா புள்ள முழிக்கக் கூடாதுல்ல."

இருப்பதிலேயே பெரியதாக, பளபளவென்று உறை போட்டதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் கேட்பதற்கு விடை தயார் செய்துகொண்டு போகிற குடும்பம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பரீட்சைக்கு முன்னால் என் கடையில் வழிகாட்டிப் புத்தகம் வாங்க வருகிற கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து, அது நியாயமாகவே பட்டது.

நாலே நாளில் ஜெமிமா ஆப்பிளில் தொடங்கி சீப்ரா வரைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். வீடே ஆடிப்போயிற்று. ஒரு வாழைப்பழத்தை நேரில் காட்டி "இது என்னம்மா" என்று கேட்டால் அந்தப் பக்கமே பார்க்க மாட்டாள் என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சார்ட்டில்தான் கேட்க வேண்டும். அதுவும் ஆப்பிளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்குத் தூக்கம் நிறையக் கிடைத்தது, பிடித்த பால்சோறு கிடைத்தது, புது கவுன் கிடைத்தது, தகர மூடியும் கையில் இருந்தது. கூட்டம் கரையும் பதினோரு மணிக்குத்தான் பிரின்ஸ் உள்ளே கூட்டிப்போனான். டாக்டர் "பாப்பா பேரென்ன" என்று கேட்டார். பிரின்ஸ் அதற்கு இடம் கொடுக்காமல் "ஏ ஃபார்..." என்று எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான், சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி ஜெமிமா இருபத்தாறையும் சொல்லி முடித்துவிட்டாள்.

"சார், கூப்பிட்டா திரும்ப மாட்டா..." என்று கிருபா ஆரம்பித்தாள். மேசைக்கு அடியில் பிரின்ஸ் அவள் காலை மிதித்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, நானும் பேசாமல் இருந்தேன்.

கூட்டம் கரைந்தும் வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் சிரித்தார். பிள்ளை நல்ல புத்திசாலி, வளர்ச்சி சரியாக இருக்கிறது, செல்போன் கொடுக்காதீர்கள், பேச்சு தானாக வரும் என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்கள் காட்டியதைத்தான் அவர் பார்த்தார்.

ஜெமிமா அதுவரை செல்போனைத் தொட்டதே இல்லை. வீட்டில் இருந்த ஒரே போன் பிரின்ஸின் காதோடு ஒட்டியிருந்தது. ஆகவே மருத்துவர் சொன்ன வைத்தியம் அவனுக்கு நடந்தது. இரண்டு மாதம் வாசலுக்குப் போய் நின்றுதான் பேசினான்.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் பிரின்ஸ் எழுந்துவிட்டான். ஆண்டவர் பிள்ளையின் நாவைத் திறந்ததைக் கண்ணீரோடு சொன்னான். ஜெமிமாவைத் தூக்கி மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அவள் காதைப் பொத்திக்கொண்டே ஆப்பிளிலிருந்து சீப்ரா வரை சொல்ல, சபை முழுக்க அல்லேலூயா சொல்லிற்று. அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று எங்கள் குடும்பத்தில் யாரும் வாயைத் திறக்க முடியாமல் போயிற்று. கிருபா ஒரு நாள் என்னிடம், "சபையில சொன்ன சாட்சிய எப்படிண்ணே திருப்பி வாங்குறது" என்று கேட்டாள்.

நாலு வயதில் என் கடைக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தோம். முதல் மணி அடித்ததுமே அவள் வீறிட்ட சத்தம் தெருவைத் தாண்டி என் கல்லா வரைக்கும் கேட்டது. மறுநாளும் கேட்டது. இரண்டாவது வாரம் தலைமையாசிரியை பிரின்ஸைக் கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். அவன் பெருமையாகத் தேனிச் சீட்டை எடுத்து நீட்டினான்.

அங்கேதான் வினை வந்தது. வளர்ச்சி சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிற பிள்ளை மணியடித்தால் கத்துகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, வரிசையில் நிற்பதில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? பிடிவாதம். செல்லம் கொடுத்துக் கெடுத்தது. கிருபாவை உட்கார வைத்துப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி அரைமணி நேரம் பாடம் நடத்தினார்கள். ஜெமிமாவை வகுப்புக்கு வெளியே நிறுத்தத் தொடங்கினார்கள். கடையில் உட்கார்ந்தால் அவள் நிற்பது எனக்குத் தெரியும். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காதையும் மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டு நிற்பாள். எழுந்து போய்க் கேட்டேனா என்றால் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நம்பிக் கடை நடத்துகிறவன் பள்ளிக்கூடத்தோடு சண்டைக்குப் போவதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் முடிந்ததும், அடுத்த வருடத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் பிச்சைமணி வந்து சேர்ந்தார். எந்த மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்று ஊருக்கு வழி சொல்வதே அவர் சோலி.

"மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டு ஒண்ண வாங்கிப் போட்டுருங்க தம்பி. அப்புறம் எந்தப் பள்ளிக்கூடமும் வாயத் தொறக்க முடியாது. அடுத்த மாசம் முகாம் வருது. ஆனா ஒண்ணு, அங்க போயி ஏ பி சி டி சொல்ல விட்றாதீங்க. நல்லா இருக்குன்னு எழுதித் தள்ளிருவாங்க."

பிரின்ஸுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகவில்லை. தொழில் தெரிந்தவன் அல்லவா? போன தடவை செய்ததையெல்லாம் அப்படியே தலைகீழாகச் செய்தான். முகாமன்று விடியற்காலையிலேயே பிள்ளையை எழுப்பினான். தலை வாரவில்லை. பால்சோறு இல்லை. வாடகை ஜீப்பு வேண்டாமென்று கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்சில் நிற்க வைத்துக் கொண்டுபோனான். தகர மூடியை மட்டும் மறந்துவிட்டதாகச் சொன்னான். அது அலமாரியின் மேல்தட்டில் அவன் கையாலேயே வைத்தது.

மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். மைக்கில் ஒருவர் பெயர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் முறை வந்தபோது ஜெமிமா கத்திக் கத்திக் குரல் போய், தரையில் புரண்டுகொண்டிருந்தாள். தூக்கப் போன பிரின்ஸின் முன்கையில் ரத்தம் வரக் கடித்தாள். மலையே பயப்படும் கையை முதன்முதலாக ஒருத்தி கடித்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அன்றைக்கு நூறு பிள்ளைகளைப் பார்த்துக் களைத்திருந்தார். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். இரண்டு நிமிடத்தில் எழுதி முடித்தார். கடுமையான அறிவுத்திறன் குறைபாடு. வீட்டில் வைத்துப் பார்ப்பது சிரமம், தங்க வைத்துப் பராமரிக்கும் இல்லம் நல்லது.

"நல்லா எழுதியிருக்காருல்ல" என்றார் பிச்சைமணி.

எழுதியது நன்றாக இருந்ததால்தான் அடுத்த வேலையும் நடந்தது. பிச்சைமணி தன் பங்குக்கு அந்தச் சீட்டின் நகலை வெளிமாவட்டத்து இல்லம் ஒன்றுக்கு அனுப்பிவைத்திருந்தார். ஜூலை முதல் தேதி பிள்ளையைக் கொண்டுவந்து விடலாம், இடம் இருக்கிறது என்று அங்கிருந்து கடிதம் வந்துவிட்டது. மாதம் ஒரு முறை பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றும் போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் நான் போனபோது பிரின்ஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தேனிச் சீட்டு ஒரு பக்கம், முகாம் சீட்டு ஒரு பக்கம், நடுவில் அந்தக் கடிதம். இரண்டு சீட்டுக்கும் இடையில் பதினெட்டு மாதம்கூட இல்லை. ஒன்று புத்திசாலி என்றது. ஒன்று இல்லத்தில் விடச் சொன்னது. ஜெமிமா தரையில் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணு பொய்யி மச்சான். எந்த டாக்டரு ஒழுங்காப் பாக்கலன்னு தெரியல" என்றான்.

கிருபா அடுப்படியிலிருந்து வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருடம் குடோனில் காய் பொறுக்கும் வேலைக்குப் போனவள் அவள். வெடிப்பும் கருப்பும் பொறுக்கி எறிந்த கை. அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் சத்தம் போடவில்லை.

"டாக்டருக ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் பாத்தாக. நீங்கதான் ஒரு நா மேல இருந்து அள்ளிக் காட்டினீங்க. ஒரு நா அடியில இருந்து அள்ளிக் காட்டினீங்க. ஊரான் மூட்டைக்கெல்லாம் முழங்கை வரைக்கும் கைய விடுறீங்க. எம்புள்ளைய யாருமே முழுசாத் தட்டுல கொட்டிப் பாக்கல. நீங்களும் பாக்கல."

பிரின்ஸ் முன்கையில் இருந்த பல்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழுதான். என் மாப்பிள்ளை அழுது நான் பார்த்தது சபையில் சாட்சி சொன்ன அன்றுதான். அது வேறு அழுகை, இது வேறு.

கிருபா பைபிளைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் வளர்ச்சியை மட்டும் பார்க்கிற பிரிவு இருக்கிறதாம், அதன் எண். ஒரு வருடமாக உள்ளே வைத்திருக்கிறாள். போன் பண்ணினால் அவர்கள் இரண்டே விஷயம் சொன்னார்கள். பிள்ளையை எதற்கும் தயார் செய்யாமல் அப்படியே கூட்டிவர வேண்டும். வருவதற்கு முன் மூன்று வாரம், சாதாரண நாட்களில் அவள் செய்வதை உள்ளபடி எழுதி வர வேண்டும்.

எழுதுகிற வேலையைப் பிரின்ஸ் எடுத்துக்கொண்டான். குடோனில் சரக்குத் தரம் எழுதும் சீட்டுக்கட்டில்தான் எழுதினான். அவனுக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

'செவ்வாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டது பத்துத் தடவை. திரும்பியது இரண்டு. அதில் ஒன்று பூனைக்காக.'

'வியாழன். காலை நல்ல நிலை. மதியம் சுமார். குக்கருக்குப் பின் கழிவு.' தேறாத காய்க்கு எழுதும் இந்த 'கழிவு' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'அழுகை' என்று எழுதியிருந்தான்.

'சனி. அம்மா தலைவலியில் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து மூடியை அவள் நெற்றியில் வைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.'

இந்த மூன்றாவது சீட்டை என்னிடம் இரண்டு தடவை காட்டினான்.

மதுரைக்கு ரயிலில் மூன்று தடவை போனோம். அங்கே எங்களைப் பார்த்தது பொற்கொடி என்கிற உளவியல் நிபுணர். முப்பது வயதுகூட இருக்காது. மேசை நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார். கிருபாவிடம் ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்டார். அவள் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார். பிரின்ஸின் சீட்டுக்கட்டை ஒன்று விடாமல் படித்தார். பூனை வந்த இடத்தில் சிரித்தார்.

மூன்றாவது தடவை போனபோது எங்கள் மூன்று பேரையும் சுவரோரம் உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜெமிமாவோடு விளையாடினார். படப் புத்தகம் ஒன்றைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஓர் ஆப்பிள். ஜெமிமா சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். ஆப்பிள், பால், கேட் என்று ஒரே ஓட்டம். பொற்கொடி பேனாவை எடுத்தார்.

சுவரோரத்திலிருந்து பிரின்ஸின் குரல் வந்தது.

"மேடம், அத எழுதாதீங்க. அது நான் சொல்லிக் கொடுத்தது. மேல்காய்."

பொற்கொடிக்கு அந்தச் சொல் புரிந்திருக்காது. ஆனாலும் தலையசைத்தார். பதினைந்து வருடத்தில் பிரின்ஸ் பிடித்த மேல்காயிலேயே அதுதான் பெரியது என்று நான் சொல்வேன்.

பிறகு அவர் ஜெமிமாவின் தகர மூடியைக் கேட்டு வாங்கி, ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போட்டு, ஜாடியை இறுக மூடி, அவள் முன்னாலேயே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஜெமிமா ஜாடியை உருட்டிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்த பொற்கொடியை அவள் பார்க்கவில்லை. எழுந்தாள். நேராகச் சுவரோரம் வந்தாள். என்னைத் தாண்டினாள், கிருபாவைத் தாண்டினாள், கடைசியில் மூலையில் இருந்த பிரின்ஸின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவன் கையைத் தூக்கி ஜாடியின்மேல் வைத்தாள். அவன் திறந்து கொடுத்தான். எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

பொற்கொடி வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். "எப்பவும் இப்படித்தான் கேப்பாளா?"

"சின்னப் புள்ளையில இருந்தே மேடம். என் கைதான் வேணும் அவளுக்கு."

"இதை இதுக்கு முன்னால எந்த டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா? நீங்க எழுதின சீட்டுலயும் இல்லையே."

"இதுல சொல்ல என்ன மேடம் இருக்கு? பாசம்."

பொற்கொடி அதையும் எழுதிக்கொண்டார். மதியத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். ஜெமிமாவுக்கு இருப்பது ஆட்டிசம். அறிவில் குறை இல்லை. காதில் குறை இல்லை. சத்தம் அவளுக்கு நம்மைவிட அதிகமாக வலிக்கிறது. பேச்சை ஒப்பிக்கத் தெரிகிறது, பேச்சைக் கொண்டு ஒன்றைக் கேட்கத் தெரியவில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது, அம்மா அப்பாவே வீட்டில் செய்யலாம். இல்லமெல்லாம் தேவையே இல்லை, சாதாரணப் பள்ளிக்கூடத்திலேயே கொஞ்சம் உதவியோடு படிக்கலாம். ஒரு பொருளைக் கேட்பதற்குச் சுட்டிக் காட்டாமல், முகத்தைப் பார்க்காமல், இன்னொருவர் கையை எடுத்து அதன்மேல் வைப்பது இதன் அடையாளங்களில் ஒன்று. முன்பே யாராவது சொல்லியிருந்தால் டாக்டர்கள் அப்போதே கவனித்திருக்கக்கூடும்.

கிருபா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அது துக்கமா நிம்மதியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

பிரின்ஸ் கேட்டான், "மேடம், இது என்ன கிரேடு?"

"லெவல்னு ஒண்ணு எழுதுவோம் சார். பிள்ளைக்கு எவ்வளவு உதவி வேணும்னு அதுல தெரியும். பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளைன்னு அதுல தெரியாது."

இனி அவள் கையை எடுத்து வைத்ததும் உடனே செய்துவிடக் கூடாது, மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும், அவள் முகத்தைப் பார்க்கவோ ஒரு சொல் சொல்லவோ இடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும் ரயிலில் உசிலம்பட்டி தாண்டும் வரை பிரின்ஸ் பேசவே இல்லை. அது நடக்கிற காரியமே இல்லை என்பதால் நான் பயந்துபோனேன். ஆண்டிபட்டிக்கு முன்னால் வாயைத் திறந்தான்.

"அந்த இல்லத்துக்கு நாளைக்கே வரலன்னு எழுதிப் போட்டுருங்க மச்சான். ஞாயித்துக்கிழம சபையில எந்திரிச்சு, போன தடவ சொன்னது சரியில்லன்னு சொல்லணும்."

"சொல்லலாம் மாப்ளே" என்றேன்.

கொஞ்ச நேரம் முன்கையைத் தடவிக்கொண்டிருந்தான். பல்தடம் மங்கிப்போயிருந்தது. பிறகு கிருபாவின் பக்கம் திரும்பினான். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அப்ப அது பாசம் இல்லையா கிருபா? வெறும் அடையாளந்தானா?"

பொற்கொடியிடம் கேட்கத் தைரியமில்லாமல் ஆண்டிபட்டி வரைக்கும் சுமந்து வந்த கேள்வி அது. கிருபா ஜெமிமாவின் தலையை மடியில் சரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்த ரூம்ல எட்டுக் கை இருந்துச்சு. கிட்டத்துல இருந்த மேடம் கைய எடுக்கல. பெத்த என் கையயும் எடுக்கல. கடைசி மூலையில கெடந்த உங்க கையத்தான் வந்து எடுத்தா. அத அவுக எந்தக் காயிதத்துல வேணாலும் எழுதிக்கிடட்டும்."

ஜெமிமா எழுந்து உட்கார்ந்தாள். பிரின்ஸின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, மூடியிருந்த ஜன்னல் கதவின்மேல் வைத்தாள். அவன் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் எண்ணினான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை, திறந்துவிட்டான்.